காலுக்கு வைத்தியம், கேள்வி வயிற்றைப் பற்றி

அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். செரிமானம் ஒரு பாடம், நரம்பு மண்டலம் வேறொரு பாடம், நோய்த் தடுப்பு இன்னும் சில பக்கங்கள் தள்ளி. ஒவ்வொன்றுக்கும் தனிப் படம், தனி வினா, தனி மதிப்பெண். பாடநூல் அப்படிப் பிரித்திருக்கிறது, நானும் அப்படியே நடத்திவந்தேன். என் தம்பிக்கு வந்த நோய் இந்த மூன்றையும் ஒரே படுக்கையில் கொண்டுவந்து சேர்த்தது. அந்த நாட்களில் கற்றதையும், அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும், எங்களைப் போல் திடீரென்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்க நேரும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

தம்பி குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவன். நாற்பது வயதை நெருங்குகிறான், சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை. வைகாசி முதல் நாள் எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் உறவினர் வராத வீடு இருக்காது, கறி இல்லாத இலையும் இருக்காது. திருவிழா முடிந்த கையோடு அவனுக்கு வயிற்றுப்போக்கும் லேசான காய்ச்சலும் வந்தன. மோர், ஓ.ஆர்.எஸ்., இரண்டு வேளைக் கஞ்சி என்று சமாளித்துவிட்டான். வெயில் காலம், விருந்துச் சாப்பாடு, வந்தது போய்விட்டது. வீட்டில் யாரும் அதை நோய்க் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு காலை தறிக்குழியில் உட்கார்ந்து மிதியில் காலை வைத்தவனுக்கு மிதி கீழே போகவில்லை. அழுத்துகிறான், பாவு பிரிய மாட்டேன் என்கிறது, நாடா போக வழியில்லை. தறியில்தான் ஏதோ சிக்கல் என்று நினைத்துக் குழிக்குள் குனிந்து கயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறான். எல்லாம் சரியாகவே இருந்தன. எழுந்து வெளியே வரலாம் என்றால் கால்கள் தூக்கவில்லை. இரண்டு கைகளையும் விளிம்பில் ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு மேலே ஏறியபோதுதான் கோளாறு தறியில் இல்லை என்று புரிந்திருக்கிறது. பாதங்களில் இரண்டு நாளாகவே ஊசி குத்துவது போல் இருந்ததாகவும் முதுகு வலித்ததாகவும் பிறகு சொன்னான்.

அம்மா வாதம் என்றார். எண்ணெய் தேய்க்க ஆள் பார்க்கப் போனார் ஒரு சித்தப்பா. பக்கத்துத் தறிக்காரர், தன் மைத்துனனுக்கும் இப்படித்தான் கால் விழுந்தது என்றும், பொட்டாசியம் குறைவாம், ஒரே நாளில் எழுந்துவிட்டான் என்றும் தைரியம் சொன்னார். அதில் உண்மை இருக்கிறது. பொட்டாசியம் குறைந்தாலும் இப்படிக் கால் தளரும். அதனால் மருத்துவமனையில் முதலில் பார்ப்பதே அதைத்தான். அன்று மாலை ஒரு கிளினிக்கில் நரம்புக்கு வைட்டமின் ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் விடிந்தபோது கைகளும் மரத்துப்போயிருந்தன, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. கார் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஓர் இளம் மருத்துவர் முழங்காலுக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. குதிகாலில் தட்டினார், முழங்கையில் தட்டினார், எங்கும் அசைவு இல்லை. சுத்தியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “கடந்த ஒரு மாதத்தில் வயிற்றுப்போக்கு ஏதாவது இருந்ததா?”

“அதெல்லாம் ஒன்றும் இல்லை டாக்டர், கால்தான் பிரச்சினை” என்று அம்மா முந்திக்கொண்டார். தம்பி மனைவி என் கையைத் தொட்டு, “அண்ணி, சிரசு முடிந்து மூன்று நாள் போனதே, அதைச் சொல்லலாமா?” என்று மெதுவாகக் கேட்டாள். சொல்லச் சொன்னேன். மருத்துவர் அதை எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார். கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜி.பி.எஸ். என்ற பெயரை அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கேட்டோம். உடம்பின் எதிர்ப்பாற்றலே தவறிப்போய்த் தன் நரம்புகளைத் தாக்கி, கை கால்களைத் தளரவைக்கும் நோய் அது.

அந்தக் கேள்விக்கான பதிலை எல்லாரும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. கை கால் தளர்ந்து யாரையாவது கொண்டுபோகிறீர்கள் என்றால், அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சளி எப்போது வந்தது, எத்தனை நாள் இருந்தது என்று தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள். ஜி.பி.எஸ். வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு முன்னதாக ஒரு தொற்று இருந்திருக்கும். தளர்ச்சி எந்த நேரத்தில் தொடங்கியது, எதை முதலில் செய்ய முடியாமல் போனது என்பதும் வேண்டும். ‘நேற்றிலிருந்து முடியவில்லை’ என்பதைவிட, ‘நேற்றுக் காலை மாடிப்படி ஏறினார், இரவு பிடித்துக்கொண்டு நடந்தார், இன்று நிற்கவில்லை’ என்பது மருத்துவருக்கு ஆயிரம் மடங்கு பயன்படும். நோய் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

வயிற்றுக்கும் காலுக்கும் என்ன உறவு? வார்டில் இரவுகளில் எனக்கு இருந்த வேலை, தூங்காத தம்பிக்கு இதைப் புரியும்படி சொல்வது. ஜி.பி.எஸ். வந்தவருக்கு நினைவு கொஞ்சமும் மங்காது. எல்லாம் கேட்கும், எல்லாம் தெரியும், அசையத்தான் முடியாது. பேசிக்கொண்டிருக்க யாராவது வேண்டும்.

சிறுகுடலின் உட்பரப்பில் மூடியிருக்கும் தோல் ஒரே ஒரு செல் கனம். அதற்கு அந்தப் பக்கம் நாம் தின்ற சோறும் கணக்கில்லாத நுண்ணுயிர்களும். இந்தப் பக்கம் நம் இரத்தம். உடம்பில் எதிர்ப்பொருள், அதாவது கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம், சுரக்கும் செல்களில் பெரும்பகுதி இந்தக் குடல் சுவரில்தான் குடியிருக்கிறது என்பதை நான் வகுப்பில் ஒருநாளும் அழுத்திச் சொன்னதில்லை. யோஹான் கொன்ராட் பேயர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1677-இல் சிறுகுடலில் திட்டுத் திட்டாகத் தெரிந்த புடைப்புகளைப் பற்றி எழுதினார். அவை பேயர் திட்டுகள். அவற்றின் மேலே இருக்கும், ‘எம்’ (M) என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் செல்கள், குடலுக்குள் ஓடுகிற பொருளிலிருந்து துளித் துளியாக மாதிரி எடுத்து உள்ளே அனுப்புகின்றன. உள்ளே இருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் அதை, டி செல்கள், பி செல்கள் எனப்படும் எதிர்ப்பாற்றல் செல்களுக்குக் காட்டுகின்றன. எதை எதிர்ப்பது, எதைச் சும்மா விடுவது என்ற முடிவு அங்கே ஆகிறது. பருப்பும் அயல் பொருள்தான், தயிரில் உள்ள நுண்ணுயிரும் அயல் உயிர்தான். அவற்றைப் பார்த்தும் சண்டைக்குப் போகாமல் இருக்கப் பழகுவதுதான் குடலில் உள்ள எதிர்ப்புச் செல்களின் அன்றாட வேலை. அதை மேற்பார்வை பார்க்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பற்றிய ஆய்வுக்குத்தான் 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு போனது. இதில் இன்னொன்றும் உண்டு. குடலில் பழகிய செல்கள் குடலோடு நிற்பதில்லை. நிணநீர் வழியாக இரத்தத்துக்கு வந்து உடம்பெல்லாம் சுற்றுகின்றன.

இப்போது கேம்பிலோபாக்டர் ஜெஜுனி. சரியாக வேகாத கோழியிறைச்சி, காய்ச்சாத பால், கழிவு கலந்த தண்ணீர் ஆகியவற்றில் வரும் பாக்டீரியா. உலகம் முழுவதும் ஜி.பி.எஸ்.ஸுக்கு முன்னால் வரும் தொற்றுகளில் முதலிடம் இதற்கு. இதன் மேலுறையில் ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. நம் நரம்பின் மேல் ஜி.எம்.1 கேங்கிளியோசைடு என்ற கொழுப்புப் பொருளில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியும் அதே வடிவம். குடலில் பாக்டீரியாவை எதிர்க்க உருவான எதிர்ப்பொருள் இரத்தத்தில் வரும்போது நரம்பின் மேலும் போய் ஒட்டிக்கொள்கிறது. இதைச் சொன்னதும் தம்பி, “கரை ஒன்றுபோல் நெய்துவிட்டால் எது யார் சரக்கு என்று கடைக்காரனுக்கே தெரியாது, அக்கா” என்றான். எதிர்ப்பொருளும் கரையை மட்டும்தான் பார்க்கிறது. அது ஒட்டிய இடத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் கூடி நரம்பைச் சேதப்படுத்துகின்றன. சிலருக்கு நரம்பின் மேல் உள்ள மயலின் உறை கெடுகிறது, சிலருக்கு உள்ளே ஓடும் ஆக்சான் என்ற நரம்பிழையே அடி வாங்குகிறது. வயிற்றுப்போக்குக்குப் பிறகு வருவதில் இந்த இரண்டாவது வகை அதிகம். எதிர்ப்பொருள் உருவாகப் பிடிக்கும் காலம்தான் வயிறு சரியானதற்கும் கால் விழுந்ததற்கும் இடையில் இருந்த அந்த ஒன்று இரண்டு வாரம்.

பயந்துவிட வேண்டாம். கேம்பிலோபாக்டர் தொற்று வந்த ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் ஜி.பி.எஸ். வருகிறது. ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவர் என்பதுதான் பொதுவான கணக்கு. ஆனாலும் ஓர் ஊரில் தண்ணீர் கெட்டால் கணக்கு மாறிவிடும். 2025 ஜனவரியில் புனேயில் நடந்தது அதுதான். சில வாரங்களில் 200-க்கும் மேற்பட்டோர் இதே சந்தேகத்தில் மருத்துவமனைக்கு வந்தார்கள், பலரின் மலத்தில் கேம்பிலோபாக்டர் இருந்தது. தம்பிக்கு வந்தது இந்தக் கிருமியால்தானா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. கால் விழும் நேரத்தில் கிருமி பெரும்பாலும் வயிற்றை விட்டுப் போயிருக்கும். ஆகவே யார் வீட்டுக் கறி என்ற விசாரணையை எங்கள் குடும்பத்தில் நான் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டேன். எல்லாரும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டார்கள்.

பெயரைப் பற்றி ஒரு குறுக்கு வார்த்தை. 1916-இல், முதல் உலகப் போரின் நடுவில், இரண்டு படைவீரர்களிடம் இந்த நோயைக் கண்டு எழுதிய பிரெஞ்சு மருத்துவர்கள் மூன்று பேர்: கில்லன், பாரே, ஸ்ட்ரோல். மூன்றாமவரை உலகம் விட்டுவிட்டது.

குடலும் எதிர்ப்பாற்றலும் எங்கள் மாவட்டத்துக்குப் புதிய விஷயமல்ல என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1960-களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காட்டுக் கிராமங்களில் டிராபிகல் ஸ்ப்ரூ என்ற நீண்ட வயிற்றுப்போக்கு நோய் கொள்ளைநோயாகவே பரவியது. தின்றது உடம்பில் ஒட்டாமல் ஆட்கள் உருகிப்போனார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் கிராமம் கிராமமாகப் போய் அதை ஆராய்ந்தவர்கள். நோயே இல்லாதவர்களிடமும் நம் பக்கத்துக் குடல் சுவர் மேல்நாட்டாரின் குடல் சுவரைப் போல் இல்லை என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. அதே கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான் 1970-களில், போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை கொடுத்தும் இங்குள்ள குழந்தைகள் பலருக்குப் போதிய எதிர்ப்பாற்றல் வரவில்லை என்று காட்டினார். காலை முடக்கும் நோயைத் தடுக்க வாய் வழியே மருந்து கொடுத்து, குடலில் எதிர்ப்பாற்றல் வருகிறதா என்று பார்த்த ஊர் இது.

அந்தப் பழைய கதை ஒருநாள் எங்கள் கண்முன்னாலேயே வந்து நின்றது. பிசியோதெரபி கூடத்தில் பேரணாம்பட்டிலிருந்து வந்திருந்த ஒரு சிறுமி, அவளுக்கும் ஜி.பி.எஸ். பதினைந்து வயதுக்குள் யாருக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தாலும், போலியோ இல்லை என்று உறுதிசெய்ய, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை மலம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது நம் நாட்டில் நடைமுறை. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் கடைசியாக ஒருவருக்கு நோய் வந்தது 2011 ஜனவரியில். அதற்குப் பிறகும் இந்தக் கண்காணிப்பை விடவில்லை. டப்பாவோடு வந்த சுகாதாரப் பணியாளரிடம் சிறுமியின் பாட்டி சண்டைக்கு நின்றார்: “காலுக்கு வைத்தியம் பார்க்க வந்தால் மலத்தைக் கேட்கிறாயே அம்மா, எந்த ஊர் நியாயம்?” நான் போய் உட்கார்ந்து விளக்கினேன். பாட்டி கேட்டுவிட்டு, “அப்படியானால் வயிறுதான் காலை வாரிவிட்டதா?” என்றார். என் வகுப்பில் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

சிகிச்சைக்கு வருகிறேன். இதில் பயன் நிரூபணமானவை இரண்டுதான். ஒன்று, ஐ.வி.ஐ.ஜி. எனப்படும் இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கானோர் தந்த இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்களை இரத்தக் குழாய் வழியே ஏற்றுவது. வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு மொத்தம் 2 கிராம், பெரும்பாலும் ஐந்து நாட்களில் பிரித்துத் தருவார்கள். அறுபது கிலோ ஆளுக்கு 120 கிராம். விலை இலட்சங்களில் போகும். மற்றொன்று பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை. இரத்தத்தை வெளியே எடுத்து, வம்பு செய்யும் எதிர்ப்பொருள் இருக்கும் பிளாஸ்மாவை நீக்கிவிட்டு, இரத்த அணுக்களைத் திருப்பி அனுப்புவது. இரண்டின் பலனும் ஏறத்தாழ சமம். ஐ.வி.ஐ.ஜி.க்குப் பணம் இல்லையே என்று ஒரு குடும்பம் நகை விற்கக் கிளம்பும் முன், “பிளாஸ்மா மாற்று இங்கே செய்ய முடியுமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், சேர்த்த அன்றே அந்த மேசையில் காட்டுங்கள். குடும்ப அட்டையும் ஆதாரும் கையோடு இருக்கட்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கும் போகலாம். எங்கே போனாலும் தீவிர சிகிச்சைப் பிரிவும் வெண்டிலேட்டரும் உள்ள இடமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, முதல் இரண்டு வாரம் அருமையான காலம். ஸ்டீராய்டு தரச் சொல்லி மருத்துவரிடம் வாதாடிய ஓர் உறவினரையும் பார்த்தேன். மற்றப் பல தன்னுடல் தாக்கு நோய்களில் அது கைகொடுக்கும், ஜி.பி.எஸ்.ஸில் பலன் இல்லை. முதுகில் நீர் எடுத்தால் இடுப்பு விழுந்துவிடும் என்று கையெழுத்துப் போட மறுப்பவர்களும் உண்டு. அது நோயை உறுதிசெய்யும் சோதனை, அதனால் யாருக்கும் கால் விழுவதில்லை.

எங்களை மிகவும் பயமுறுத்தியது மூச்சு. இந்த நோயில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு வெண்டிலேட்டர் தேவைப்படும். செவிலியர் ஒருவர் எனக்கு ஒரு வேலை கற்றுக்கொடுத்தார்: ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்ல வேண்டும். எதுவரை போகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தம்பி முதலில் முப்பதைத் தாண்டினான், மறுநாள் இருபதைத் தொடவே தடுமாறினான். அன்று இரவே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, தண்ணீர் விழுங்கும்போது புரையேறுகிறதா, இருமலில் சத்தம் வருகிறதா என்பதையும் பார்க்கச் சொன்னார். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இந்த நோயில் மூச்சுத் தசைகள் களைத்துக் கடைசி கட்டத்துக்கு வரும்வரை அந்த எண் நன்றாகவே இருக்கும். வீட்டிலேயே ‘நாளைக் காலையில் பார்க்கலாம்’ என்று இருப்பவர்களுக்கு ஆபத்து இங்கேதான்.

ஒருவழியாக நோய் ஏறுவது நின்றது. ஏறுமுகம் பெரும்பாலும் இரண்டு வாரத்தில், அதிகம் போனால் நான்கு வாரத்தில் நின்றுவிடும். இறங்குவதற்குத்தான் மாதங்கள் ஆகும். உறவினர்கள் பை பையாகக் கொண்டுவரத் தொடங்கியது அப்போதுதான். கபசுரக் குடிநீர், முருங்கைப் பொடி, பெயர் தெரியாத லேகியம். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: “எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, அதைக் கூட்ட வேண்டும்.” எதிர்ப்புச் சக்தி குறையவில்லை ஐயா, அது ஆள் மாறி அடித்தது. கூட்டுவதாகச் சொல்லும் பொடியைக் கொடுத்து எதைக் கூட்டப்போகிறோம்? முருங்கைக் கீரையைக் குழம்பில் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? மருந்தென்று சொல்லாதீர்கள். பிறகு ஒருவர் இதைவிடச் சாமர்த்தியமாக வந்தார். குடலில்தான் எல்லா நோயும் தொடங்குகிறது என்று அறிவியலே சொல்லிவிட்டதாம், ஆகையால் குடலைச் சுத்திகரிக்கும் தூள் மூன்று மாதம் சாப்பிட வேண்டுமாம். கட்டிலை விட்டு எழ முடியாதவனுக்குப் பேதி மருந்து.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. குடலுக்கும் நரம்பு நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ச்சியாளர்கள் மெய்யாகவே தேடிக்கொண்டிருக்கிறார்கள். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நோயில் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள மயலின் கெடுகிறது. அதற்கு ஒப்பான நோய் தானாகவே வரும் எலிகளை ஜெர்மனியில் மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தில் நுண்ணுயிர் எதுவுமே இல்லாமல் வளர்த்தபோது அவற்றுக்கு நோய் வரவில்லை. சாதாரணக் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்ததும் வந்தது. 2011-இல் வந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் குருமூர்த்தி கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரைப் பார்த்ததில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம், மறைப்பானேன். 2017-இல் அதே குழுவினர், ஒருவருக்கு மட்டும் இந்த நோய் இருந்த ஒரே கரு இரட்டையர்களின் குடல் நுண்ணுயிர்களை எலிகளுக்குக் கொடுத்தார்கள். நோயாளியின் நுண்ணுயிர் பெற்ற எலிகளில் நோய் அதிகமாக வந்தது. இதை மட்டும் படித்தால் குடல்தான் குற்றவாளி என்று தோன்றும். ஆனால் 2019-இல் டொரன்டோவிலிருந்து வந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது: ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்கள் குடலிலிருந்து கிளம்பி மூளைக்குப் போய், அங்கே அழற்சியைத் தணிக்கின்றன. அதே குடலிலிருந்து கெடுக்கிற செல்லும் போகிறது, காக்கிற செல்லும் போகிறது. இரண்டையும் சேர்த்துத் துடைத்தெடுக்கும் ‘சுத்திகரிப்பு’ யாருக்கு வேண்டும்?

மற்ற நோய்களைப் பற்றி இரண்டே வரி. கோதுமையில் உள்ள குளூட்டனுக்குக் குடல் காட்டும் எதிர்ப்பால் வரும் சீலியாக் நோயில் சிலருக்கு வயிற்றுத் தொல்லையே இல்லாமல் நடை தள்ளாடும். பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல் வருவது தெரிந்த விஷயம். முன்னதற்குக் குளூட்டனை அடியோடு விட வேண்டும். பின்னதில் குடலின் பங்கு என்ன என்பது ஆராய்ச்சி நிலையில் இருக்கிறது. எலியில் தெரிந்தது மனிதனுக்கு மருந்தாக வர வெகுகாலம் பிடிக்கும். அதுவரை டப்பாவில் அடைத்து விற்பவர்களை நம்பத் தேவையில்லை.

படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்வது பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். இமை மூடாவிட்டால் சொட்டு மருந்து விட்டு, இரவில் மெல்லிய பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். முதல் சில வாரம் திடீரென்று எழுப்பி உட்காரவைக்கக் கூடாது, இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும். பாதம் தொங்கிப் போகாமல் இருக்கப் பலகை வைத்துக் கட்ட வேண்டும். வலி இருக்கும். அசைவில்லாத காலில் என்ன வலி என்று பலர் கேட்டார்கள், ஆனால் இரவில் அவன் கத்தியதெல்லாம் அந்த வலிக்குத்தான். சொன்னால் மருந்து தருவார்கள், பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

ஆக்சான் அடிபட்டால் அது மீண்டும் வளர்வது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். முதுகிலிருந்து பாதம் வரை தூரத்தை நினைத்துப் பார்த்தால் ஏன் மாதக்கணக்கில் ஆகிறது என்று புரியும். ஆறு மாதத்தில் நூற்றுக்கு எண்பது பேர் துணையில்லாமல் நடந்துவிடுகிறார்கள் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி அவன் கண்ணில் படும்படி ஒட்டிவைத்தேன். பிசியோதெரபிஸ்ட் விரல்களுக்கு மென்பந்து கொடுத்தார். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. தறியிலிருந்து அறுந்த நூல்களை எடுத்துவரச் சொல்லி, இழையோடு இழை சேர்த்து முடிச்சுப் போட்டுப் பார்ப்பான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும், நூல் நழுவும். மறுபடி எடுப்பான். முடிச்சு விழுந்த நாளில் அதைப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டினான். அவர் அதையே பயிற்சியாக எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு எச்சரிக்கை: களைக்கும்வரை செய்யக் கூடாது. அளவுக்கு மேல் பயிற்சி செய்தால் மறுநாள் இருந்த பலமும் போய்விடுகிறது.

இப்போது நடக்கிறான், தறியில் அரை நாள் உட்காருகிறான், மாலையில் கால் ஓய்ந்துவிடுகிறது. வீட்டுச் சமையலறையில் சில பழக்கங்களை மாற்றினோம். கோழியைக் குழாய்க்கு அடியில் கழுவுவதில்லை, தெறிக்கும் நீர் பக்கத்தில் இருக்கும் வெங்காயத்தையும் தட்டையும் நனைக்கும். கறி வெட்டிய பலகையில் தக்காளி நறுக்குவதில்லை. உள்ளே இளஞ்சிவப்பு முழுதும் மறையும்வரை வேகவைக்கிறோம். கோடையில் குடிநீரைக் கொதிக்கவைக்கிறோம். கோழியே வேண்டாம் என்று அம்மா சொன்னதை நான் ஏற்கவில்லை. கொதித்த குழம்பில் அந்தக் கிருமி பிழைக்காது.

மறுபடி வருமா என்று அவன் அடிக்கடி கேட்கிறான். நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரலாம், மற்றவர்களுக்கு வருவதில்லை. வயிற்றுப்போக்கு வந்த ஒவ்வொரு தடவையும் அவன் காலைத் தட்டிப் பார்த்துக்கொள்வதைத் தடுக்க முடியவில்லை. டிஸ்சார்ஜ் தாளின் நகல் ஒன்று என்னிடம், ஒன்று அவனிடம், ஒன்று செல்போனில். எந்தத் தடுப்பூசிக்கு முன்னும் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அறுவைச் சிகிச்சை ஏதும் வந்தால் மயக்க மருந்து தருபவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும், ஏனென்றால் தசையைத் தளர்த்த அவர்கள் பயன்படுத்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்து, இந்த நோய் வந்தவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். அந்த மருந்தின் பெயரைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி அவன் பர்ஸில் வைத்திருக்கிறேன்.